செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கிற நம் கட்டற்ற மென்பொருள் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதைத் தனியே அனுப்பிவிடுகிறேன். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

மாதக் கூட்டங்கள் ஈரோட்டு மாடி அறையில் நடந்தன. ஆகஸ்ட் 9 அன்று டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பு வெளியானதை ஒட்டி ஒரு நாள் நிறுவல் முகாம் வைத்தோம். செப்டம்பரில் மென்பொருள் சுதந்திர நாள் கொண்டாடினோம், போண்டா நன்றாக இருந்தது.

இனி ரெப்போ விவகாரம். ரெப்போ என்றால் கோப்புகளை அவற்றின் திருத்த வரலாற்றோடு வைத்திருக்கும் களஞ்சியம். செயலாளர் வருஷம் முழுக்க ஃபோல்டர் அடுக்கிக்கொண்டிருந்தார் என்று ஒரு பேச்சு என் காதுக்கும் வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எழுத்துரு, அகராதி, கீபோர்டு என டெபியனில் நிறுவுவதற்காக நாம் கட்டுகிற பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் பொதிகள், எல்லாம் ஒரே ரெப்போவில் கிடந்தன. அது, திருத்த வரலாற்றைக் காக்கச் சப்வெர்ஷன் என்ற பழைய மென்பொருளைப் பயன்படுத்திய காலத்துப் பழக்கம். அப்போது பல குழுக்கள் பேக்கேஜ் கட்டுவதற்கான குறிப்புகள் இருக்கும் டெபியன் ஃபோல்டர்களை மட்டும் ஒரே இடத்தில் போட்டு வைக்கும். இப்போது நாம் பயன்படுத்தும் கிட் என்ற மென்பொருளில் அது சரிப்படாது. பதிப்பைக் குறிக்கும் அடையாளமான டேக் போட்டால் மொத்த ரெப்போவுக்கும் விழும், 1.2-1 என்றால் எழுத்துருவா அகராதியா என்று தெரியாது. ஒரு வரி திருத்த வருகிறவர் அத்தனையையும் இறக்கியாக வேண்டும்.

ஆகவே பேக்கேஜுக்கு ஒரு ரெப்போ என்று பிரித்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று பிராஞ்ச், அதாவது தனித்தனிக் கிளை. அப்ஸ்ட்ரீமில் மூல ஆசிரியர் தந்தது தந்தபடியே இருக்கும். டெபியன் பிராஞ்சில் நம் வேலை. மூன்றாவதான பிரிஸ்டின்-டார், மூல ஆசிரியர் வெளியிட்ட டார் என்ற கட்டுக் கோப்பை ஒரு பைட் மாறாமல் திரும்ப உருவாக்கத் தேவையான சிறு வித்தியாசத்தை மட்டும் வைத்திருக்கும். தலைவர் தறிக்காரர் என்பதால் அவருக்கு இப்படிச் சொன்னேன்: பாவு வெளியிலிருந்து வருகிறது, ஊடை மட்டும் நம்முடையது. பாவில் கை வைக்க வேண்டுமென்றால் அதை பேட்ச்சாக, அதாவது தனித் திருத்தக் கோப்பாக, எழுதி டெபியன் ஃபோல்டருக்குள் வைக்க வேண்டும். நேராக மூலக் கோப்பைத் திருத்தினால் பில்ட், அதாவது பேக்கேஜ் கட்டும் வேலை, பாதியில் நின்றுவிடும். நின்றதும் எனக்குத்தான் போன் வரும்.

பிரித்ததில் பழைய கமிட்டுகள், அதாவது பதிவான திருத்தங்கள், போய்விட்டன என்று இரண்டு பேருக்கு வருத்தம். போகவில்லை. பெயரும் தேதியும் அப்படியே இருக்கின்றன, ஒவ்வொரு கமிட்டின் அடையாளக் குறியான ஹேஷ் மட்டும் மாறியது. ஃபோல்டரைப் பிரித்தால் கமிட்டின் உள்ளடக்கம் மாறும், அது மாறினால் ஹேஷும் மாறும். இதில் என் விருப்பம் எதுவுமில்லை. உங்கள் கணினியில் உள்ள பழைய கிளோனை, அதாவது ரெப்போவின் நகலை, வைத்துக்கொள்ளாதீர்கள், புதிதாக இறக்குங்கள் என்று மூன்று முறை சொன்னேன். அப்படியும் ஒருவர் பழைய கிளோனில் ரெப்போ முகவரியை மட்டும் மாற்றிவிட்டு, ரெப்போவுக்கு அனுப்பிய புஷ் மறுக்கப்பட்டதும், ஃபோர்ஸ் போட்டுப் புதியதன் மேலேயே பழையதை எழுதிவிட்டார். பெயர் வேண்டாம். என் மடிக்கணினியில் நகல் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றோடு போயிற்று.

இதற்காக நான்கு முறை பயிற்சி வைத்தேன். ஆள் வராததற்கு ஒவ்வொரு காரணம். ஒரு தடவை பண்ணாரி குண்டம், ஒரு தடவை சென்னிமலைத் தேர், மற்றபடி திருப்பூர் ஷிப்மென்ட். "பொழுதோட வந்தர்றனுங்க" என்றவர்கள் எந்தப் பொழுது என்று சொல்லவில்லை. கடைசிப் பயிற்சியில் நானும் பவானியிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவியும்தான். இன்று அந்தப் பெண்தான் அகராதி பேக்கேஜைப் பார்த்துக்கொள்கிறார்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய நேராக நிற்கின்றன. சிறு பற்றாக்குறையைப் பொருளாளர் கையிலிருந்து போட்டார், அவருக்கு நன்றி. பில்கள் ஃபைலில் இருக்கின்றன. சந்தாவைப் பொறுத்தவரை, பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் கட்டவில்லை. அதில் கூட்டத்தில் அதிகம் கேள்வி கேட்கிறவர்களும் உண்டு.

இடம் தந்த கட்டட உரிமையாளருக்கும், தேநீர் அனுப்பிய கடைக்கும், தலைவருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. இன்னும் மூன்று பேக்கேஜ்கள் பழைய ரெப்போவிலேயே இருக்கின்றன. புதிய ரெப்போக்களின் ஓனர் உரிமை என் ஒருவனிடம் மட்டும் இருக்கிறது. அது நல்லதல்ல என்று நானே சொல்லிக்கொள்கிறேன். பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க எனக்கு ஆசையில்லை, வீட்டிலும் கேட்கிறார்கள். யாராவது முன்வந்தால் இன்றைக்கே உரிமையை மாற்றித் தருகிறேன், ஒரு மாதம் கூட இருந்து சொல்லியும் தருகிறேன். மடிக்கணினி கொண்டுவந்திருக்கிறேன். சந்தா நோட்டும் ரசீதுப் புத்தகமும் தேநீர் மேசையில், கெட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.