மூன்றாவது படத்துக்கு நான்கு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் காலப்பயணம் பற்றிய ‘பேக் டு தி ஃபியூச்சர்’ ஹாலிவுட் படங்கள் மூன்றையும் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1990இல் வந்த மூன்றாவது படத்துக்கு நான்கே வரி ஒதுக்கி, ‘வேகம் குறைந்த கௌபாய் படம்’ என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு மனசு ஆறவில்லை. மீட்டர்கேஜ் நீராவி என்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாகச் சேர்ந்து, டிரைவராக ஓய்வு பெற்றவன் நான். பேத்தி வீட்டில் மூன்று இரவுகளில் மூன்றையும் பார்த்தேன். மூன்றாவதைத்தான் மறுநாளும் போடச் சொன்னேன்.

1985ஐச் சேர்ந்த மார்ட்டி என்ற இளைஞனும், காலம் தாண்டும் காரைச் செய்த விஞ்ஞானி டாக் பிரவுனும் அந்தக் காரோடு 1885இல் மாட்டிக்கொள்கிறார்கள். குழாய் கிழிந்து பெட்ரோல் முழுக்க ஒழுகிவிட்டது. அந்தக் காலத்தில் பெட்ரோலுக்கு எங்கே போவது? மணிக்கு 88 மைல், அதாவது ஏறத்தாழ 142 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் காலம் தாண்ட முடியும். குதிரைகளைக் கட்டி இழுத்துப் பார்க்கிறார்கள், சாராயம் ஊற்றிப் பார்க்கிறார்கள். கடைசியில் ரயில் என்ஜினை வைத்துக் காரைத் தள்ளலாம் என்று நினைத்து, டாக் பிரவுன் ஓர் என்ஜின் டிரைவரிடம் போய், இது அவ்வளவு வேகம் போகுமா என்று கேட்கிறார். பெட்டிகள் இருக்கக் கூடாது, பாதை நேராகவும் சமமாகவும் இருக்க வேண்டும், நரகத்தைவிடச் சூடாகத் தீ எரிய வேண்டும், அப்படியானால் போகலாம் என்கிறார் அவர். எங்கள் ஷெட்டில் எந்தப் பழைய டிரைவரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

அப்புறம் அந்த ரயில் காட்சி. தீயின் சூட்டைக் கூட்ட டாக் தயாரித்த எரிகட்டைகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒவ்வொன்றாகத் தீப்பிடிக்க, என்ஜின் துள்ளித் துள்ளி வேகம் எடுக்கிறது. அப்படி ஒரு கட்டை உலகத்தில் இல்லை, சரி. ஆனால் நீராவி அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் முள்ளிலேயே உயிரை வைத்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும். மழை இரவில் ஈரக் கரியை வாரிப் போட்டபடி ஏற்றம் ஏறும்போது, முள் இறங்கினால் வண்டி நின்றுவிடும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். படத்தில் ஓடுவது கலிபோர்னியாவின் சியரா ரயில்வே 3ஆம் எண் என்ஜின். 1891இல் செய்தது, கதைக்கு ஆறு வருஷம் பிந்தியதுதான், இருந்தாலும் அசல் என்ஜின். ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் அதை இன்றும் பாதுகாக்கிறார்கள். பாலம் கட்டி முடிக்காத பள்ளத்தில் விழுவது அசல் என்ஜின் இல்லை, சின்ன மாதிரி வடிவம்தான் என்று பேத்தி சொன்னாள். தெரிந்தும் நெஞ்சு பதறியது.

குறைகளும் உண்டு. மார்ட்டியின் காதலி பெரும்பாலான நேரம் வீட்டு வாசலில் தூங்கிக்கொண்டே இருக்கிறாள். பூர்வகுடி மக்கள் குதிரையில் துரத்திவிட்டுப் போவதற்கு மட்டும் வருகிறார்கள், அது தவறு.

ஆனால் கட்டுரையாளர் ஒன்றைக் கவனிக்கவில்லை. 1985இல் வந்த முதல் படத்தில் மாறுவது மார்ட்டியின் அப்பா. மார்ட்டி அப்படியே இருக்கிறான். இரண்டாவதில், கோழை என்று யாராவது சொன்னால் போதும், புத்தி கெட்டுப் போகிறது. மூன்றாவதில்தான், தெருவில் ஒருவன் பந்தயத்துக்குச் சீண்டும்போது, ரிவர்ஸ் கியரைப் போட்டு விலகுகிறான். டாக் பிரவுனும் அப்படித்தான். இரண்டு படமாக அறிவியலைத் தவிர வேறு நினைப்பில்லாத மனிதர், அங்கே காதலித்த கிளாரா டீச்சருக்காக 1985க்குத் திரும்புவதையே விட்டுவிடுகிறார்.

1985க்குத் திரும்பிய கார் தண்டவாளத்தில் நிற்க, எதிரே டீசல் என்ஜின் வருகிறதே, அந்த இடத்தில் நான் மார்ட்டியைப் பார்க்கவில்லை. அந்த டிரைவரைத்தான் நினைத்தேன். ஹாரன் அடிப்பார், பிரேக் போடுவார், வண்டி நிற்காது. மோதல் முடிந்து, நொறுங்கிக் கிடக்கும் துண்டுகளுக்கு நடுவே மார்ட்டி தனியாக நிற்கிறான். இதற்கெல்லாம் நான்கு வரி போதாது ஐயா. கட்டுரையாளர் இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதட்டும், காத்திருந்து படிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற என்ஜின் டிரைவர்,
பொன்மலை, திருச்சி.