கூரையை மாற்ற எழுத்துப்பூர்வ அனுமதி கோரி மனு

அனுப்புநர்:
இட்லி வியாபாரி, தாராவி, மும்பை 400017
(பெயரும் வீட்டு எண்ணும் இணைப்பில் உள்ள, குடிசைவாசி அடையாளச் சீட்டான போட்டோ பாஸின் நகலில்)

பெறுநர்:
உதவி ஆணையர் அவர்கள்,
ஜி வடக்கு வார்டு, பிருஹன்மும்பை மாநகராட்சி,
தாதர், மும்பை

நாள்: 9 மார்ச் 2026

பொருள்: பழைய சிமெண்ட் ஷீட் கூரையை இறக்கிவிட்டு, உயரம் கூட்டாமல் தகரக் கூரை போட அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனசில் இருப்பதை எனக்குத் தமிழில்தான் எழுத வரும். மராத்திப் பிரதியை மகள் எழுதித் தந்திருக்கிறாள், இத்துடன் இணைத்துள்ளேன்.

எங்கள் வீடு 10 அடி அகலம், 15 அடி நீளம். மாடி கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்த அப்பா, தார் டிரம்மை வெட்டித் தட்டி முதல் கூரை போட்டார். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் 1988-ல் 6 சிமெண்ட் ஷீட் வாங்கி வேய்ந்தார். ஆஸ்பெஸ்டாஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். அதே 6 ஷீட்தான் இன்றும் தலைக்கு மேல் இருக்கிறது. நான்கில் விரிசல். தார் ஒட்டு போடாத இடமே இல்லை.

போன வருஷம் மே 26-ஆம் தேதியே பருவமழை இறங்கிவிட்டது. மும்பைக்கு வழக்கமாக ஜூன் 11-ஐ ஒட்டித்தான் வரும். ஜூன் பிறந்ததும் தார்ப்பாய் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நாங்கள் மெத்தனமாக இருந்தோம். தண்ணீர் நேராகக் கிரைண்டர் மேல் ஒழுகியது. மெயினை அணைத்துவிட்டு விடியும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அரைத்து வைத்த மாவு முழுவதையும் கொட்டினோம். மறுநாள் வியாபாரம் இல்லை.

மழைக்காலம் போனாலும் சொட்டுவது நிற்பதில்லை. அதிகாலை 3 மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் இட்லிக் கொப்பரையின் ஆவி மேலே போய் ஷீட்டில் முட்டிச் சொட்டும். இத்தனை வருஷம் ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டு உள்பக்கம் பொருக்குவிட்டு உதிர்கிறது. காலையில் அம்மாவின் பாயை உதறினால் சாம்பல் நிறத்தில் தூள். இதைச் சிமெண்ட் என்றுதான் நினைத்திருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும், எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் இதற்கு விலக்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை மகள்தான் படித்துக் காட்டினாள். கடைகளில் இன்னமும் விற்கிறார்கள். விலையும் குறைவுதான். ஆனாலும் 74 வயது அம்மாவுக்கு மேலே மறுபடி அதையே போட மனசு வரவில்லை.

செய்யப்போகும் வேலை இவ்வளவுதான். சுவரைத் தொடமாட்டோம். ஷீட்டை இறக்கி, உளுத்த மரச்சட்டங்களுக்குப் பதில் இரும்புக் குழாய் வைத்து, பூச்சுள்ள தகர ஷீட் போடுவோம். கூரையின் உச்சி இப்போது 12 அடி. மாற்றிய பிறகும் 12 அடியே இருக்கும். குடிசை வீடுகளுக்கு உள்ள 14 அடி உயர வரம்பு எங்களுக்குத் தெரியும். இதைச் சாக்காக வைத்து மேலே ஒரு ரூம் எழுப்பும் எண்ணம் இல்லை. தகரம் வெயிலில் கொதிக்கும், மழையில் பேச்சே கேட்காது என்று அம்மாவுக்கு ஆட்சேபம். உள்ளே தெர்மாகோல் ஒட்டச் சொன்னார் கடைக்காரர். அடுப்பு எரிகிற வீட்டில் அது எதற்கு, வேண்டாம் என்றுவிட்டேன். மேலே வெள்ளைப் பூச்சு அடித்து, உச்சியில் ஆவி போக ஒரு வழி விடுவோம்.

“ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடு, யார் கேட்கப்போகிறார்கள்?” என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். இன்று யாரும் கேட்கமாட்டார்கள்தான். ஆனால் குடிசைகளை இடித்துக் கட்டடம் கட்டும் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் சர்வே எண் கதவில் எழுதியிருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே உள்ள தரைத்தள வீடு என்பதை வைத்துத்தான் எங்களுக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு கிடைக்குமா கிடைக்காதா என்பது. பளபளவென்று புதுக் கூரையைப் பார்த்து, வீடே புதிது என்று நாளைக்கு யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அதனால்தான் வாய்வார்த்தை போதாது, காகிதம் வேண்டும் என்கிறேன்.

கட்டடமே வரப்போகிறது, கூரைக்கு ஏன் தண்டச் செலவு என்ற பேச்சும் உண்டு. மறுசீரமைப்புத் திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் கொடுத்தது 2004-ல். அப்போது மகள் பிறக்கவே இல்லை. அவள்தான் இன்று மராத்திப் பிரதி எழுதித் தந்திருக்கிறாள். திட்டத்தை எதிர்த்து நான் எதுவும் சொல்லவில்லை. காலி செய்யச் சொல்லும் நாளில் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டுப் போவேன். அதுவரை எத்தனை மழைக்காலமோ, அத்தனையும் இந்த வீட்டில்தான் கழியவேண்டும்.

ஆகவே, தங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பி, ஷீட்டைக் கழற்றும் முன் வீட்டின் நீளம், அகலம், உயரத்தை அளந்து, போட்டோவுடன் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். அந்த அளவைக் குறித்து, இது பழைய வீட்டின் கூரை பழுதுபார்ப்பு மட்டுமே என்ற வாசகத்துடன் அனுமதிக் கடிதம் தரவேண்டும். அனுமதி தரும் அதிகாரம் மறுசீரமைப்பு ஆணையத்திடம்தான் என்றால், இந்த மனுவை அங்கே அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு வரி தெரிவியுங்கள். ஏப்ரல் 15-க்குள் பதில் கிடைத்தால் மே முதல் வாரத்தில் வேலையை முடித்துவிடுவோம். இரண்டு நாள் வேலைதான்.

அப்புறம், இறக்கும் ஷீட்டை எங்கே ஒப்படைப்பது என்றும் சொல்லவேண்டும். பழைய ஷீட்டைச் சாக்கடையோரம் உடைத்துப் போட்டுவிடுவது இங்கே வழக்கம். பிள்ளைகள் அதில்தான் விளையாடுகிறார்கள். எங்கள் சந்து 4 அடி அகலம்; தூள் பறந்தால் எதிர்வீட்டுச் சோற்றில்தான் விழும். தண்ணீர் தெளித்து நனைத்து, ரம்பம் போடாமல் போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி வைக்கிறோம். மாநகராட்சி எடுத்துக்கொண்டால் வண்டிக் கூலியை நானே கொடுத்துவிடுகிறேன்.

இணைப்பு: போட்டோ பாஸ், ரேஷன் கார்டு, பழைய லைட் பில், சர்வே சீட்டு ஆகியவற்றின் நகல்கள், கூரையின் போட்டோ நான்கு, பொதுச்சுவர் உள்ள இரு பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதம், மராத்திப் பிரதி.

காலை 10 மணிக்கு மேல் எப்போது வந்தாலும் வீட்டில் ஆள் இருக்கும். அதற்கு முன் நான் இட்லிப் பாத்திரத்தோடு மாட்டுங்காவில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)