கருகிய எம்சிபி பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பு வாடிக்கையாளர்களே, வணக்கம்.

எங்களிடம் வாங்கிய எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாகவே ட்ரிப் ஆகி, அதாவது அணைந்து, மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று சோலார் இணைப்பில் கருகிப்போன படம் உங்களில் பலருக்கு வந்திருக்கும், கூடவே "டூப்ளிகேட் சரக்கு" என்ற பேச்சும். கருகியது உண்மை. யாருக்கும் காயம் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் டூப்ளிகேட் என்ற அந்த ஒரு சொல்லைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

அது நல்ல சரக்கு. ஏசி மின்சாரத்துக்கென்று செய்தது, டிசி மின்சாரத்தில் மாட்டப்பட்டுவிட்டது.

வீட்டு பிளக்கில் வருவது ஏசி. கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் ஒரே பக்கமாக ஓடாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 50 சுற்று, சுற்றுக்கு இரண்டு முறை மின்னோட்டம் பூஜ்யத்துக்கு வரும், ஆக நொடிக்கு 100 முறை. பேட்டரியும் சோலார் பேனலும் தருவது டிசி, அது ஒரே திசையில் நிற்காமல் ஓடும்.

லோடு ஓடும்போது எம்சிபி ட்ரிப் ஆனால் பிரியும் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஆர்க் என்கிற நெருப்புப் பொறி பாலம் போல நிற்கும், பல ஆயிரம் டிகிரி சூடு. ஏசியில் 10 மில்லிநொடிக்குள் அடுத்த பூஜ்யம் வந்துவிடுவதால் பொறி அணைய வழி கிடைக்கிறது. டிசியில் அந்த இடைவெளியே இல்லை, அதிலும் பேனல்களை வரிசையாகக் கோத்தால் வோல்ட் கூடிக்கூடி நூற்றுக்கணக்கில் போய்விடும், பொறி அணையாமல் எரிந்து பெட்டியையே உருக்கிவிடும். அதனால்தான் டிசி எம்சிபி பலவற்றில் பொறியை இழுத்து அணைக்க உள்ளே காந்தம் வைக்கிறார்கள். (அவற்றில் பிளஸ், மைனஸ் குறி போட்டிருந்தால் மாற்றி இணைக்கவே கூடாது, காந்தம் பொறியைத் தப்பான பக்கம் தள்ளிவிடும்.) எம்சிபியின் மேல் வளைகோடு இருந்தால் ஏசி, நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு ஒரு கோடும் இருந்தால் டிசி.

கவுன்டரில் பல வருடம் இருந்தவர் இப்போது இல்லை, அன்று புதிதாக வந்தவர் எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று கேட்காமல் கொடுத்துவிட்டார், அதற்கு மன்னிக்கவும்.

படத்தைப் பார்த்ததும் முதலில் எங்களையே கூப்பிட்டு விசாரித்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி, நீங்கள் தந்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறோம்.

சோலார் பக்கம் எங்கள் எம்சிபி மாட்டியிருப்பவர்கள் அந்த ஏசி, டிசி கோட்டுக் குறி தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள், ஏசி என்றால் மாற்றித் தருகிறோம். நீங்களே கழற்ற வேண்டாம், வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். எங்கள் எலெக்ட்ரீஷியன் வந்து பார்ப்பார்.

இப்படிக்கு,
உங்கள் எலெக்ட்ரிகல் கடை