அரையாண்டு விடுமுறையும் ஒன்பதாம் வகுப்பு புராஜெக்டும்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். மிக்க மகிழ்ச்சி.

அப்புறம், ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புராஜெக்ட். திருச்சபை வரலாற்றின் திருப்புமுனைகள் என்று தலைப்புக் கொடுத்திருந்தோம். 325இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நைசியா சங்கம் என்ற ஆயர்கள் கூட்டம், 1517இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் திருச்சபையைக் கேள்வி கேட்ட மார்ட்டின் லூத்தர், 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு, யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றோம். வந்ததில் பல, பிள்ளைகள் கையே படாதவை. கடையில் வாங்கிய தெர்மாகோல் தேவாலயம், பளபளவென்று பிரிண்ட் அவுட், ஸ்பைரல் பைண்டிங். சிலவற்றில் மார்ட்டின் லூத்தர் பெயருக்குக் கீழே அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மார்ட்டின் லூதர் கிங்கின் படம் ஒட்டியிருக்கிறது! கிங்கின் அப்பா 1934இல் ஜெர்மனி போய்வந்த பிறகு லூத்தர் மேல் வைத்த மதிப்பில் தன் பெயரையும் மகன் பெயரையும் மாற்றிக்கொண்டவர். பிள்ளை தானே தேடியிருந்தால் இந்த அருமையான கதை அதற்குக் கிடைத்திருக்கும். ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டப் பணம் திரட்டுவதற்காகப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள், அதைத்தான் லூத்தர் 95 குறிப்புகள் எழுதிக் கேள்வி கேட்டார் என்பதை அட்டையில் அச்சடித்துக் கொண்டுவந்த பிள்ளைகளால் வாயால் சொல்ல முடியவில்லை.

ஒரு மாணவி மட்டும் கோணல்மாணலான கையெழுத்தில் சீகன்பால்கு பற்றி நான்கு தாள் எழுதி வந்தாள். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து கப்பலில் வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகமாய்ச் செலவானது, அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது என்று நிறுத்தாமல் சொன்னாள். முழு மதிப்பெண் அவளுக்குத்தான்.

நீங்கள் வேலை முடிந்து களைத்து வந்து, பிள்ளை அழக்கூடாதே என்றுதான் செய்து தருகிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் இனி வீட்டார் செய்ததும் கடையில் வாங்கியதும் ஏற்கப்படாது. மதிப்பெண்ணும் கிடையாது, இதில் யாருக்கும் விலக்கு இல்லை. தவறிய பிள்ளைகள் ஜனவரியில் வகுப்பிலேயே உட்கார்ந்து எழுதட்டும். வெள்ளைத்தாளும் பேனாவும் போதும், செலவே வேண்டாம்.

பிள்ளையை நூலகத்துக்கு அழைத்துப்போய்ப் பொறுமையாகக் காத்திருந்த பெற்றோருக்கும், இதுவரை ஒத்துழைத்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறை முடிந்து சந்திப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்