மின்னொளி கபடி விழாக்குழுவினருக்கு, ஸ்கேன் அறையிலிருந்து ஒரு திறந்த மடல்

ஊர்தோறும் மின்னொளி கபடி நடத்தும் விழாக்குழுவினருக்கும் அணி மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் சி.டி. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். பெரும்பாலும் இரவுப் பணி. தை பிறந்துவிட்டால் உங்களுக்கும் எனக்கும் உறவு நெருக்கமாகிவிடும். நள்ளிரவு தாண்டி, பனியனெல்லாம் மண்ணாக நாலைந்து பேர் ஒரு பையனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

போன தையில் அப்படி வந்தவன் கார்னர் ஆட்டக்காரன். பாடி வந்தவரின் காலைப் பிடிக்கப் பாய்ந்திருக்கிறான். அவர் முழங்கால் நெற்றிப்பொட்டில் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நினைவில்லையாம். ஸ்கேன் எடுத்தோம். ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை என்று டாக்டரின் ரிப்போர்ட் வந்தது. கூட வந்தவருக்கு அப்படியொரு நிம்மதி. "நார்மல்தானேண்ணே? அப்ப செமி ஃபைனலுக்கு இறக்கிடலாம்ல?" என்றார். அந்தப் பையனோ மேசையில் படுத்திருந்தபோது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம், வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்து ஒரு தரம் என்னிடம் கேட்டான்: "அண்ணே, நாங்க ஜெயிச்சமா?" மூன்று தரமும் முதல் தரம் கேட்பது போலவே கேட்டான்.

அந்தக் கேள்வி என் ஃபிலிமில் விழாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சி.டி. நல்ல கருவிதான். மண்டையோடு உடைந்திருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்பதைச் சில நொடிகளில் காட்டிவிடும். மயக்கம் தெளியவில்லை, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, தலைவலி ஏறிக்கொண்டே போகிறது, காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ வடிகிறது என்றால் யாரையும் கேட்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சி வேறு சமாச்சாரம். மண்டைக்குள் மூளை குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன. நரம்பணுக்களுக்குள் உப்புகளின் அளவு தாறுமாறாகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்குச் சர்க்கரை கூடுதலாகத் தேவைப்படும், அந்த நேரம் பார்த்து அங்கே ரத்த ஓட்டமும் குறையும். லோ வோல்டேஜில் ஃபேன் திணறும் வீட்டைத் தெருவில் நின்று போட்டோ எடுத்தால் எப்படி இருக்கும்? வீடு நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் கையில் வாங்கிப் போகும் ரிப்போர்ட் அந்தப் போட்டோதான்.

வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. கருவியிலேயே ஸ்பெக்ட்ராஸ்கோபி என்றொரு முறை உண்டு; மூளையிலுள்ள வேதிப்பொருட்களின் அளவை அது சொல்லும். இத்தாலிய ஆய்வாளர்கள், தலையில் அடிபட்ட 13 விளையாட்டு வீரர்களுக்கு நரம்பணுக்களில் இருக்கும் என்.ஏ.ஏ. என்ற பொருளை நாள் கணக்கில் அளந்து 2008-இல் வெளியிட்டார்கள். பத்துப் பேர் ஆட்டத்தை நிறுத்தி ஓய்வில் இருந்தார்கள். தலைவலி, கிறுகிறுப்பெல்லாம் 3 முதல் 15 நாளுக்குள் போய்விட்டது. ஆனால் அடிபட்டதில் குறைந்துபோன என்.ஏ.ஏ. பழைய அளவுக்கு வர 30 நாள் ஆனது. மீதி மூன்று பேர் சீக்கிரமே பயிற்சிக்குப் போய் இரண்டாவது அடி வாங்கினார்கள். அவர்களுக்கு 45 நாள். சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மூன்று பேரைப் பற்றிப் படித்தபோது எனக்கு உங்கள் செமி ஃபைனல்தான் ஞாபகம் வந்தது.

'அப்படியானால் அந்த ஸ்கேனையே எடுத்துவிடலாமே' என்று கேட்பீர்கள். முடியாது. அதுவும் சரி, நரம்பிழைகளின் போக்கைக் காட்டும் டி.டி.ஐ., மூளை சிதையும் நோய்களில் படியும் டௌ புரதத்தைத் தேடும் பெட் ஸ்கேன் எல்லாமும் சரி, இன்றைக்கும் அதிகமாக ஆய்வுக்கூடத்து வேலையாகவே இருக்கின்றன. 2019-இல் அமெரிக்கக் கால்பந்தின் முன்னாள் வீரர்கள் 26 பேரையும் வேறு 31 பேரையும் பெட் ஸ்கேனில் ஒப்பிட்டார்கள். வீரர்கள் கூட்டத்தில் டௌ கூடுதலாகத்தான் தெரிந்தது. ஆனால் இன்னாருக்கு நோய் இருக்கிறது என்று ஒரு ஆளைச் சுட்டிச் சொல்ல அது போதவில்லை. தலையில் பலமுறை அடிபட்டவர்களுக்குப் பின்னாளில் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவை இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் உறுதிசெய்கிறார்கள். ஆக, 'இவன் இன்றிரவு ஆடலாம்' என்று எழுதித் தரும் ஸ்கேன் எந்த ஊரிலும் இல்லை.

கிரிக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். 2019 ஆகஸ்ட், லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சோதனைகளில் தேறி, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி மட்டை பிடிக்க வந்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. லபுஷேன் மாற்று ஆளாக இறங்கினார். பக்கத்திலேயே டாக்டர் இருக்கும் இடத்தில் இந்த நிலை. நம் களத்தில் ஐஸ் கட்டியும் ஸ்ப்ரேயும்தான். கிரிக்கெட்டுக்காவது மாற்று ஆளை ஆடவிட அந்த ஆண்டு புதிதாக விதி எழுத வேண்டியிருந்தது. கபடியில் மாற்று ஆட்டக்காரர்கள் களத்துக்கு வெளியே ஏற்கெனவே உட்கார்ந்துதானே இருக்கிறார்கள்?

பரிசுத்தொகை, ஊர்ப் பெருமை, மைக்கில் வர்ணனை செய்பவர் ஏற்றிவிடும் சூடு எல்லாம் எனக்கும் தெரியும். பள்ளிக் காலத்தில் நானும் பாடிப் போனவன்தான். அடிபட்டவனே "எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க" என்பான். அவன் பேச்சைக் கேட்காதீர்கள். தலையில் அடிபட்டுத் தடுமாறினால், முழித்தால், கேட்டதையே கேட்டால் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது என்று வையுங்கள். பைக்கை அவன் கையில் கொடுக்காதீர்கள். இரவு குடிக்காத ஆள் ஒருவர் கூடவே இருக்கட்டும். பிறகு எப்போது களமிறங்கலாம் என்பதை டாக்டர் அவனிடம் பேசிப் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது விதிமுறைகளில் ஒரு வரி சேருங்கள்: 'தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் களமிறங்க அனுமதி இல்லை.' 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்ற வரிக்குக் கீழே இடமிருக்கும்.

இப்படிக்கு,
இரவுப் பணி ஸ்கேன் டெக்னீஷியன்