ஐப்பசிக்கு முன்னால்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ரவி பெண்ணுக்கு வரன் குதிர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா யார் தெரியுமா, நம்ம ஹாக்கி கோபால்! அந்தக் கதை நேரில். இப்போது எழுதுவது உன் வீட்டு மாடியைப் பற்றி.

போன வாரம் அம்மாவைப் பார்க்கப் போனேன். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "கட்டில்ல மண்ணா கொட்டுதுப்பா, என்னன்னு பாரேன்" என்றார்கள். அண்ணாந்து பார்த்தால் மின்விசிறிக்குப் பக்கத்தில் காறை பெயர்ந்து கம்பி தெரிகிறது. முழுக்கத் துரு. மச்சான் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க ஆள் சொல்லியிருக்கிறாராம். சேகர், முதல் வேலையாக அதை நிறுத்து. துருப்பிடித்த கம்பி உப்பும். இரும்பாக இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் காங்கிரீட் பிளந்து விழுகிறது. பட்டி பூசினால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அடுத்து விழுவது மண்ணாக இருக்காது, கட்டியாக இருக்கும். அதன் நேர்கீழே அம்மா படுக்கிறார்கள்.

மாடிக்கு ஏறிப் பார்த்தேன். மழைத்தண்ணீர்க் குழாயின் வாயை வேப்பஞ்சருகும் காக்கைக்கூட்டுச் சுள்ளியும் அடைத்துக் கிடக்கின்றன. 1,000 சதுர அடித் தளத்தில் 4 அங்குலம் தண்ணீர் நின்றால் 9 டன்னுக்கு மேல் பாரம், யோசித்துப் பார். கைப்பிடிச் சுவர் இடுக்கில் ஆலங்கன்று ஒன்று முழங்கால் உயரம் நிற்கிறது. தொட்டி நிரம்பி வழிகிற இடத்தில் தளம் பாசி பிடித்து எப்போதும் ஈரம். யாரோ டிஷ் ஆன்டெனாவுக்குத் தளத்தின் மேல் பதித்த தட்டோட்டைத் துளைத்து ஆணி அடித்திருக்கிறார்கள், பிறகு ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஓட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

1987-ல் உங்க அப்பா அந்தத் தளம் போட்டது ஞாபகமிருக்கிறதா? செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் அடித்தார்களே. வாட்டம் பார்க்க அப்பா ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, அது குழாயைப் போய்ச் சேர்கிறவரை கூடவே நடப்பார். அவர் இருந்தவரை ஒவ்வொரு புரட்டாசியிலும் துடைப்பத்தோடு மாடி ஏறினார். நீ பெங்களூரில் கார் சர்வீசுக்குத் தேதி தவறமாட்டாய், இந்த வீட்டுக்கு அந்த மாதிரி ஒரு தேதி வைக்கக் கூடாதா?

நம் பக்கம் வருஷ மழையில் பெரும்பங்கு அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான். அதனால் இப்போது செய்யவேண்டியதை மட்டும் செல்வம் மேஸ்திரியிடம் பேசியிருக்கிறேன். ஆலங்கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். சுவரைக் கொத்தி வேரோடு எடுத்துவிட்டுப் பூசவேண்டும். குழாய் வாயைச் சுத்தம் செய்து சல்லடை வைக்கவேண்டும். தட்டோட்டு இணைப்புகளைச் சுரண்டி, நீர்க்கசிவுத் தடுப்புக் கலவை சேர்த்த சிமென்டால் அடைக்கவேண்டும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையை வளைவாகப் பூசிவிட வேண்டும். தண்ணீர் முதலில் இறங்குவது அங்கேதான். தொட்டிக்கு மிதவை வால்வு. உள்ளே, தளர்ந்த காங்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் சிமென்ட் பூச்சு. கம்பி ரொம்ப மெலிந்திருந்தால் பொறியாளரைக் கூப்பிடவேண்டும் என்று மேஸ்திரியே சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவர் போதும் என்று எனக்குப் படுகிறது.

மாடிச் சுண்ணாம்புத் தளத்தை முழுசாகப் பெயர்த்துப் போடுவது மாசிக்கு மேல். நல்ல வெயிலில் காயவேண்டிய வேலை அது, இப்போது அவசரப்பட்டால் கெடும்.

அம்மா கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன். சண்டை போட்டார்கள், விடவில்லை. மேஸ்திரி திங்கள்கிழமை ஆள் கொண்டுவருகிறார். நீ மச்சானிடம் இன்றைக்கே பேசு. நான் சொன்னால் அவர் வருத்தப்படுவார், நீ சொன்னால் கேட்பார். ஆயுத பூஜை லீவுக்கு வா, நாம் இரண்டு பேரும் மாடியில் தண்ணீர் கட்டி நிறுத்தி, கசிகிறதா என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
முரளி