ரிப்பேர் கடைக்காரர்களே, அந்த முதல் திரையைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர், விண்டோஸ் 10-க்கு ஆதரவு (மைக்ரோசாஃப்டின் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்) நின்றுபோனதைச் சொல்லி, பழைய டெஸ்க்டாப்பைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதைவிடக் காயலான் கடையில் போட்டுவிடுவது மேல் என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நான் பெரம்பூரில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். தட்டச்சில் ஹையர் தேறி, மெஷினில் ஆரம்பித்து, கம்ப்யூட்டருக்கு மாறியவள். என் அனுபவத்தில் காயலான் கடைக்குப் போகும் கம்ப்யூட்டர்களில் பல சாகவே இல்லை. பவர் போட்டதும் வரவழைக்கக்கூடிய அந்த முதல் திரையை உடைமைக்காரருக்கு ஒரு தடவை திறந்து காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

என் கடையில் இரண்டு டெஸ்க்டாப். இரண்டும் ரிச்சி தெருவில் (சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தை) அசெம்பிள் செய்தவை. மூத்தது 2013-ல் வாங்கியது; இன்டெலின் மூன்றாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு (எல்லாம் செருகியிருக்கும் தாய்ப்பலகை). இளையது 2019, ஒன்பதாம் தலைமுறை ஐ3, எச்310 போர்டு. டைப்பிங்காரம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பில்லில் 'கம்ப்யூட்டர் செட் - 1' என்றுதான் இருக்கிறது. பவர் பட்டனை அழுத்திய கையோடு டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு திரை வரும் (சில கம்ப்யூட்டர்களில் எஃப்2). அதில் படித்துத் தெரிந்துகொண்டேன். விண்டோஸுக்கு முன்னால் கம்ப்யூட்டரை எழுப்பும் புரோகிராம்தான் பயாஸ்; அதன் தேர்வுகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் இந்தத் திரையை பயாஸ் செட்டப் என்பார்கள். இப்போது வரும் போர்டுகளில் உள்ளே இருப்பது யு.இ.எஃப்.ஐ. என்கிற புது ஏற்பாடு. ஆனால் ரிச்சி தெருவில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, பயாஸ்தான்.

மூன்று வருஷம் இருக்கும். ஐப்பசி மழை. ஒரு அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் நனைந்த ஃபைலோடு வந்து உட்கார்ந்திருந்தாள். முந்தின ராத்திரி இடி பலமாக இருந்ததால் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் மூத்த கம்ப்யூட்டரைப் போட்டால், கறுப்புத் திரையில் ஏதோ எச்சரிக்கை காட்டி எஃப்1-ஐ அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். விண்டோஸ் வருகிற மாதிரி வந்து, நீலத் திரை காட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இப்படியே நாலைந்து தடவை. வழக்கமாக வரும் மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "போர்டு அவுட் ஆகியிருக்கும் மேடம். 6,500 ஆகும். ஹார்ட் டிஸ்கும் டவுட்டுதான்" என்றார். வந்து பார்க்காமலே.

அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை இளைய கம்ப்யூட்டரில் முடித்துக் கொடுத்துவிட்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தேடினேன். 2013-ல் அசெம்பிள் செய்து கொடுத்த தம்பி அதில் நாலு வரி எழுதி வைத்திருந்தான். அதில் ஒன்று: 'எஸ்.ஏ.டி.ஏ. மோடு - ஏ.எச்.சி.ஐ.' எழுதும்போதே சொன்னான், "அக்கா, இது மட்டும் மாறிச்சுன்னா விண்டோஸ் எழுந்திருக்காது. டிஸ்க் போச்சுன்னு பயந்துடாதீங்க." செட்டப்புக்குள் போய்ப் பார்த்தேன். ஐ.டி.இ. என்று மாறியிருந்தது. ஹார்ட் டிஸ்கோடு எந்த முறையில் பேசுவது என்பதுதான் அந்த இடம். ஒரு முறையில் பேசப் பழகிய விண்டோஸை வேறு முறைக்கு மாற்றினால் தன் டிஸ்கையே அதற்கு அடையாளம் தெரியாது. பழையபடி ஏ.எச்.சி.ஐ. வைத்து, எஃப்10 அழுத்திச் சேமித்தேன். விண்டோஸ் வந்துவிட்டது. 6,500 ரூபாய் மிச்சம் என்று காபி போட்டுக் குடித்தேன்.

அப்புறம் பார்த்தால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. கடிகாரம் தப்பாக இருக்கிறது என்று பிரௌசர் புகார் சொன்னது. மூலையில் பார்த்தேன்: 2012 ஜனவரி 1. வங்கி, அரசு என்று எந்தத் தளமும் ஒரு சான்றிதழைக் காட்டித்தான் உள்ளே விடுகிறது. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2012-ல் நின்றுகொண்டு இன்றைய சான்றிதழைப் பார்த்தால் அது இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தினேன், சரியாயிற்று. ராத்திரி மறுபடி மழை, மறுபடி மெயினை அணைத்தேன், மறுநாள் காலையில் மறுபடி அதே கூத்து.

அப்போதுதான் உறைத்தது. போர்டில் எட்டணாக் காசு போல ஒரு பேட்டரி செருகியிருக்கும். சி.ஆர். 2032 என்று பெயர். 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, கம்ப்யூட்டரை அணைத்திருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கொஞ்சம் மின்சாரத்தை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்; அதனால் பேட்டரி தீர்ந்தது வெளியே தெரியாது. மெயினை அணைத்தால் கடிகாரத்தைத் தாங்குவது அந்தப் பேட்டரி மட்டும்தான். பழைய போர்டுகளில் நாம் செட்டப்பில் வைத்த தேர்வுகளும் அதன் தயவில்தான் நிற்கின்றன. அது ஓய்ந்தால் எல்லாம் கம்பெனியில் வைத்தபடி திரும்பிவிடும். பெரம்பூர் நெடுஞ்சாலையில் வாட்ச் கடையில் வாங்கினேன், 40 ரூபாய். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, கிளிப்பை நகர்த்தி, கூட்டல் குறி மேலே தெரிகிற மாதிரி வைத்தேன். 6,500 எங்கே, 40 எங்கே.

தட்டச்சு மெஷினுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தட்டினால் அடிக்கும், ரிப்பன் தீர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் அப்படியில்லை. பவர் வந்த கணத்தில் அதற்கு ஒன்றும் தெரியாது. ராம் (வேலை நடக்கும்போது மட்டும் தகவலைத் தாங்கும் மெமரி) காலி, ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்பதே தெரியாது. போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு சின்னச் சிப்பில் எழுதி வைத்ததைத்தான் ப்ராசஸர் முதலில் படிக்கிறது. அந்தச் சிப்பில் இருக்கும் பயாஸ், பள்ளிக்கூடத்தில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல ராம் வந்திருக்கிறதா, கீபோர்டு வந்திருக்கிறதா, டிஸ்க் வந்திருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்க்கும். ராம் பதில் சொல்லாவிட்டால் டிஸ்ப்ளே வராது. உள்ளே ஸ்பீக்கர் இருந்தால் பீப் சத்தம் மட்டும் வரும். எல்லாரும் ஆஜர் என்றால்தான் டிஸ்கில் இருக்கும் விண்டோஸைக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுக்கும். 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்த காலத்திலிருந்து இந்த வரிசை பெரிதாக மாறவில்லை.

இந்த அட்டெண்டன்ஸ்தான் என்னை இன்னொரு தடவை காப்பாற்றியது. 2024 கோடையில் இளைய கம்ப்யூட்டரின் ஃபேன் அரிசி மில் மாதிரி சத்தம் போட்டது. ஒரு கடையில் கொடுத்தேன். தூசி எடுத்து, ப்ராசஸருக்குச் சூடு கடத்தும் பேஸ்ட் வைத்து, 850 ரூபாய் வாங்கினார்கள். புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வந்தது, ஆனால் நாலு பக்கம் பி.டி.எஃப். திறக்கவே மூச்சு வாங்கியது. செட்டப்பில் பார்த்தேன். மெமரி 4096 எம்.பி. என்றிருந்தது. என்னுடையது 8192, நாலு ஜி.பி. ராம் இரண்டு. ஒரு ஸ்லாட் காலி.

கடைக்குப் போனேன். பையன் அசரவில்லை. "ஒரு ராம் டெட் மேடம், அதான் எடுத்துட்டோம்." சரிப்பா, செத்ததாகவே இருக்கட்டும், பாடியைக் கொடு, காரியத்தை நானே செய்துகொள்கிறேன் என்றேன். உள்ளே போய் ஒரு டிராயரை ரொம்ப நேரம் கிண்டிவிட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கடையில் வந்து போட்டேன். 8192 காட்டியது. செத்தது இன்றுவரை நன்றாக வேலை செய்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அவன் சொன்னது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். நம் ஊர் உப்புக் காற்றில் ராமின் அடியில் இருக்கும் தங்க நிறப் பற்கள் மங்கிவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் தட்டிவிட்டுச் செருகினால் பல 'டெட் ராம்' பிழைத்துவிடும். ரிச்சி தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் நாலடிக் கடையில் நாளைக்கு இருபது கேபினெட் வந்தால் அவர்களுக்கும் ரப்பர் எடுக்க நேரமில்லை, மாற்று என்று சொல்வது சுலபம். எல்லாரும் திருடர் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் காட்டாமல் செய்கிற வேலையில் திருடரும் நல்லவரும் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள்.

இப்போது அந்த வாசகரின் விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு நின்றது உண்மை. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சாவிகளைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு) வேண்டும் என்பதும் உண்மை. இளைய கம்ப்யூட்டரைக் காட்டியபோது எனக்கும் "இதுல பதினொண்ணு வராது, போர்டு, ப்ராசஸர், ராம் மூணும் மாத்தணும், 18,000" என்றுதான் சொன்னார்கள். ஆனால் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்து பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இருக்கின்றன, என்னுடையது ஒன்பது. டி.பி.எம்-க்குத் தனிச் சிப் வாங்கத் தேவையில்லை, போர்டு, ப்ராசஸரோடேயே அந்த வசதி வருகிறது. பல போர்டுகளில் அதை அணைத்து வைத்து விற்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். செட்டப்பில் 'பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி' அல்லது பி.டி.டி. என்று இருக்கும், ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம். அதை 'எனேபிள்' செய்தேன். செலவு ஒன்றுமில்லை. மூத்ததற்கு அந்த வழி கிடையாது, வாஸ்தவம்தான். அதன் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தமிழ் டைப்பிங்குக்கு மட்டும் வைத்திருக்கிறேன். பத்திரம் அடிப்பதற்கு இன்டர்நெட் எதற்கு?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் பேச்சைக் கேட்டு யாராவது வம்பில் மாட்டுவார்கள். டிஸ்கைப் பிரித்து வைத்திருப்பது பழைய எம்.பி.ஆர். முறையில் என்றால், விண்டோஸ் 11-க்காக செட்டப்பில் சி.எஸ்.எம். (பழைய பயாஸ் முறையை ஓட்டும் ஏற்பாடு) என்பதை அணைத்ததும் விண்டோஸ் எழாது. முதலில் ஃபைல்களை வேறொரு டிஸ்கில் எடுத்துவைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரை வைத்து டிஸ்கைப் புது முறையான ஜி.பி.டி-க்கு மாற்ற வேண்டும். பயாஸை அப்டேட் செய்கிறேன் என்று யு.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்; பாதியில் கரண்ட் போனால் நல்ல போர்டு நிஜமாகவே செத்துப்போகலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

ரிப்பேர் கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் வாடிக்கையாளர் எதிரில் அந்தத் திரையைத் திறந்து, ப்ராசஸர் எது, ராம் எவ்வளவு, டிஸ்க் எது என்று பில்லில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு நிமிஷம் ஆகும். வாடிக்கையாளர்களும் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அந்தத் திரையின் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். எனக்குக் கணக்கு நோட்டு உதவியது போல அது உதவும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. தொழில்நுட்பப் பக்கத்தில் வாரா வாரம் செல்போன் செயலிகளுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். ஒரு வாரம் அந்த இடத்தில் பயாஸ் திரையைப் பெரிய படமாகப் போட்டு, எந்த வரி எதைச் சொல்கிறது என்று தமிழில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். ஃபேன் மறுபடி சத்தம் போட ஆரம்பித்திருக்கிறது. யாரிடமாவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடைக்காரர்,
பெரம்பூர், சென்னை - 11